முளைக்கத் தாமதிக்கும் ஹார்டி ஹைபிஸ்கஸ்: வேலூர் மாடியில் வளர்க்க ஒரு வழிகாட்டி

படத்தில் பார்த்த 25 சென்டிமீட்டர் அகலப் பூவுக்கு ஆசைப்பட்டு ஹார்டி ஹைபிஸ்கஸ் (குளிர் தாங்கும் செம்பருத்தி இனம்) வாங்கியவர்கள், காட்பாடியானாலும் குடியாத்தமானாலும், ஒரு மாதம் கழித்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இன்னும் ஒண்ணும் வரலையே, செத்துப்போச்சா?" பெரும்பாலும் சாகவில்லை. முளை வராத பதற்றத்தில் தினமும் தண்ணீர் ஊற்றி, அடிக்கடி தோண்டிப் பார்த்து, போதாததற்கு உரமும் போட்டு நாம்தான் அதைக் கொன்றுவிடுகிறோம். இந்தச் செடியைக் கையாள, வீட்டுச் செம்பருத்தி சொல்லிக்கொடுத்த பழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

இதன் தாவரப் பெயர் ஹைபிஸ்கஸ் மாஸ்கியூட்டோஸ். சொந்த ஊர் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிச் சதுப்பு நிலங்கள். ஆற்றோரம், குளக்கரை, கடலோரத்து லேசான உப்புச் சேறு என்று ஈரம் வற்றாத இடங்களில் வளரும். குளிர்காலத்தில் தண்டு முழுவதும் காய்ந்துபோக, மண்ணுக்கடியில் வேர்க்கட்டை மட்டும் உயிரோடு கிடக்கும். மைனஸ் 25 டிகிரி குளிரைக்கூட அது தாங்கிவிடும். மற்ற செடிகளெல்லாம் தழைத்த பிறகு, மண் ஏறக்குறைய 20 டிகிரிக்குச் சூடான பின்புதான் இது கண் விடும். அமெரிக்காவின் வட மாநிலங்களில் அதற்கு மே கடைசி ஆகிவிடும், சில வருடம் ஜூன்கூட. தாமதம் அதன் பிறவிக் குணம். அந்த ஊர்க்காரர்களே பொறுமையிழந்து பிடுங்கிப் போடுவதுண்டு.

வேலூரில் மண் சூட்டுக்குப் பஞ்சமே கிடையாது. அப்படியும் இங்கே தாமதமாகிறது என்றால் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: விதையாக இருந்தால் அதன் கெட்டித் தோல், கட்டையாக இருந்தால் அதன் உறக்கம், இரண்டுக்கும் பொதுவாக அழுகல். எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வாங்கியது அதுதானா?

நர்சரிகளில் "ஹைபிரிட் செம்பருத்தி" என்று விற்பது பெரும்பாலும் வேறு செடி. அது நம் வீட்டுச் செம்பருத்தியின் ஒட்டு வகை. இலை கரும்பச்சையாகப் பளபளக்கும், தண்டு கட்டையாக முற்றும். ஹார்டி வகையின் இலை பளபளக்காது. இலையைத் திருப்பித் தடவினால் அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் மெத்தென்று இருக்கும். தண்டு பச்சையாகவோ செம்மையாகவோ நிமிர்ந்து வரும், மரம்போல் முற்றாது.

விதையாக வாங்கியிருந்தால் 3 மில்லிமீட்டர் அளவில், பழுப்பு நிறத்தில், உருண்டையாக இருக்க வேண்டும். வெண்டை விதையைவிடச் சிறியது. நீல நிறப் பூ, வானவில் நிறப் பூ என்று படம் போட்ட பாக்கெட்டை வாங்கியிருந்தால் அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள். இந்த இனத்தில் வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு, இவற்றின் கலவை உண்டு, நீலம் கிடையாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு லூனா, டிஸ்கோ பெல் ஆகிய விதை வகைகளைச் சொல்வேன். குட்டையாக நிற்கும், விதைத்த முதல் வருடமே பூக்கக்கூடியவை.

இன்னொரு தேர்வும் இருக்கிறது. ஹைபிஸ்கஸ் காக்சினியஸ், டெக்சஸ் ஸ்டார் என்ற பெயரில் கிடைக்கும். ஜார்ஜியா, ஃபுளோரிடா, லூசியானா பக்கத்துச் சதுப்புகளைச் சேர்ந்தது என்பதால் புழுக்கமும் வெயிலும் அதற்குப் பழக்கம். ஐந்து இதழ் விரிந்த சிவப்பு நட்சத்திரமாகப் பூக்கும். என்னைக் கேட்டால் நம் ஊருக்கு இதுவே பொருத்தம். ஒரே தொல்லை, இலை விரல் விரலாகப் பிரிந்து கஞ்சா இலை மாதிரியே இருக்கும். தெருவைப் பார்த்த பால்கனியில் வைத்தால் நாலு பேருக்கு விளக்கம் சொல்லத் தயாராக இருங்கள்.

விதையிலிருந்து

தை பிறந்ததும் விதையுங்கள். மே முதல் வாரத்தில் கத்திரி தொடங்குவதற்குள் செடிக்கு வேர் பிடிக்க அவகாசம் வேண்டும். ஆடிப்பட்டத்தில் விதைத்தாலும் முளைக்கும்தான், ஆனால் பூக்கிற வயது வரும்போது பகல் குறுகிவிடும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

விதைத் தோல் தண்ணீரை உள்ளே விடாது. சதுப்பில் மிதந்து, சேற்றில் கிடந்து, தோல் மெல்ல மெல்ல இற்ற பிறகு முளைப்பது அதன் வழக்கம். நாம் அந்த வேலையைச் சில நிமிடத்தில் முடிக்கலாம். உப்புத்தாளில் விதையை வைத்து விரலால் அழுத்தி நாலைந்து முறை தேய்க்க வேண்டும். காயிலிருந்து பிரிந்த தழும்பு விதையில் தெரியும். அதற்கு எதிர்ப்பக்கத்தைத் தேயுங்கள், ஏனென்றால் முளை வெளிவருவது தழும்புப் பக்கம். பழுப்புத் தோல் நீங்கி வெளிறிய நிறம் புள்ளியளவு தெரிந்தால் போதும், நிறுத்திவிடுங்கள். நகவெட்டியால் ஓரத்தைக் கிள்ளுகிறவர்களும் உண்டு. கை பழகாதவர்கள் அதில் பருப்பையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள்.

அப்புறம் விரல் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, விதைகளைப் போட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். காலையில் பார்த்தால் சில விதைகள் உப்பி ஒன்றரை மடங்காகியிருக்கும், சில போட்டபடியே இருக்கும். உப்பியவற்றை அன்றே விதைத்துவிட வேண்டும். உப்பாதவற்றைத் துடைத்து, மறுபடி தேய்த்து, மறுபடி ஊற வையுங்கள். தோல் இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான். உப்பாத விதையை அப்படியே மண்ணில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. ஒருநாளுக்கு மேல் தண்ணீரில் விடாதீர்கள். விதையும் மூச்சு விட வேண்டும்.

விதைக்கும் கலவைக்குப் பெரிய மெனக்கெடல் வேண்டாம். கழுவிப் பிழிந்த தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கொஞ்சம் மணல். நார்க்கழிவை மூன்று முறையாவது நல்ல தண்ணீரில் அலசுங்கள். அதில் உப்பு இருக்கும். காகிதக் கப்பில் அடியில் ஓட்டை போட்டு, ஒரு கப்புக்கு ஒரு விதை, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம். நாற்றுத் தட்டில் நெருக்கமாக விதைத்துப் பிரித்து நடும்போது ஆணிவேர் அறுந்து செடி வாடிவிடும் என்பதால்தான் தனித்தனிக் கப்.

முளைப்புக்கு 21 முதல் 27 டிகிரி சூடு உகந்தது. தை மாதத்துப் பகல் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. ராத்திரிக் குளிருக்கு மட்டும் கப்புகளை அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே பாலித்தீன் போர்த்துங்கள், பகலில் எடுத்துவிடுங்கள். பங்குனியில் விதைக்கிறவர்களுக்குப் பிரச்சினை நேர் எதிர். மொட்டை மாடித் தளம் கொதிக்கும். கப்புகளைத் தரையில் வைக்காமல் ஸ்டூலின் மேல், நிழலில் வையுங்கள்.

ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் முளை வரும். ஒரே நாளில் எல்லாம் வராது. முதல் விதை முளைத்து இரண்டு வாரம் கழித்துக்கூட ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும். அதனால் பாதி கப் காலியாக இருக்கிறதே என்று கொட்டிவிட வேண்டாம். மண் ஈரமாக இருந்தால் போதும், சொதசொதவென்று வேண்டாம். முளைத்த நாற்று தரை மட்டத்தில் கறுத்து ஒடிந்து விழுந்தால் அது நாற்றழுகல். காற்றோட்டம் கொடுங்கள், தண்ணீரைக் குறையுங்கள். கலவையிலேயே டிரைக்கோடெர்மா விரிடி என்ற, அழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சையைச் சேர்த்திருந்தால் இந்தத் தலைவலி குறையும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையப் பக்கம் போகிறவர்கள் அதைப் பற்றி அங்கே விசாரித்துக்கொள்ளலாம்.

வேர்க்கட்டையிலிருந்து

காசு அதிகம் போவதும் இதில்தான், மனசு உடைவதும் இதில்தான். கூரியரில் பாலித்தீன் பையில், உலர்ந்த நார்க்கழிவுக்குள் ஒரு கட்டை வரும். மேலே காய்ந்த தண்டு இரண்டு மூன்று நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்தவுடன் ஏமாந்துவிட்டோம் என்று தோன்றும்.

நம் செம்பருத்தி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத் தண்டை நகத்தால் சுரண்டுவோம். உள்ளே பச்சை தெரிந்தால் பிழைக்கும். இதில் அந்தச் சோதனை செல்லாது. பழைய தண்டு காய்ந்துதான் இருக்கும், அதிலிருந்து ஒருநாளும் துளிர் வராது. புதுத் தண்டு மண்ணுக்கடியில் உள்ள கட்டையின் கண்ணிலிருந்துதான் கிளம்பும். ஆகவே கட்டையைப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா? வேர் நுனியைக் கொஞ்சம் நறுக்கினால் உள்ளே வெள்ளையாக இருக்கிறதா? முகர்ந்தால் மண் வாசனைதான் அடிக்கிறதா? மூன்றும் சரியென்றால் உயிர் இருக்கிறது. அமுங்கி, பழுப்பாகி, நாற்றமடிக்கும் பகுதியைச் சுத்தமான கத்தியால் நல்ல பாகம் தெரியும்வரை வெட்டுங்கள். வெட்டுவாயில் மஞ்சள் தூளோ பூஞ்சைக்கொல்லியோ தடவி, ஒருநாள் நிழலில் ஆற விடுங்கள்.

கட்டை நன்றாக இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறட்டும். காய்ந்த தண்டை ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள். அந்த மிச்சத் தண்டு அடையாளத்துக்கு. கட்டை எங்கே இருக்கிறது என்று மறந்துபோய் வேறு ஏதாவது நட்டுவிடாமல் காக்கும். கண் இருக்கும் மேல்பாகம் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் மண்ணுக்கடியில் இருக்கும்படி நடுங்கள். நட்ட அன்று ஒருமுறை நிறையத் தண்ணீர். அதோடு கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

சதுப்புச் செடியாயிற்றே, தண்ணீர் வேண்டாமா என்று கேட்பீர்கள். இலை இருந்தால்தான் தண்ணீரை இழுக்கும். இலையே இல்லாத கட்டை ஈரத்தில் கிடந்தால் அழுகும். மேல்மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஒரு டம்ளர் ஊற்றுங்கள். உரம் எதுவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் கட்டை கைக்கு வந்தால் மழை படாத தாழ்வாரத்தில் தொட்டியை வைத்துவிட்டு மாசி வரை மறந்துவிடுவது நல்லது. மார்கழிக் குளிரில் மாடித் தொட்டி மண் விடியற்காலையில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். பகலும் குறுகியிருக்கும். கட்டை எழ வேண்டிய காலம் அது இல்லை.

மாசி பிறந்து வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியதும் தொட்டியை வெயிலுக்கு நகர்த்துங்கள். அங்கிருந்து ஆறு வாரம் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் தோண்டக் கூடாது. பொறுக்க முடியவில்லையென்றால் மிச்சத் தண்டின் ஓரத்தில் மேல்மண்ணை மட்டும் விரலால் விலக்கிப் பாருங்கள். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ மூக்கு நீட்டிய மொட்டு தெரிந்தால் மூடிவிட்டு எழுந்துவிடுங்கள். அந்த மொட்டு கை பட்டாலே ஒடிந்துவிடும். ஆறு வாரம் தாண்டியும் ஒன்றுமில்லையென்றால் அப்போது தோண்டி, அதே அழுத்தல், நறுக்கல், முகர்தல் சோதனைகளைச் செய்யுங்கள். கெட்டியாக இருந்தால் திரும்ப நடலாம்.

முளை வெளியே வந்துவிட்டால் பிறகு அது வேறு செடி. வாரத்துக்கு அரைச் சாண் வளர்வது சாதாரணம்.

தொட்டியும் தண்ணீரும்

இலை நாலு வந்ததும் தண்ணீர்க் கணக்கு தலைகீழாகிறது. கத்திரி வெயிலில் வளர்ந்த செடி காலையில் ஊற்றிய தண்ணீரை மதியத்துக்குள் குடித்துத் தலை தொங்கிவிடும். அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்கலாம்தான், ஆனால் கொசு முட்டையிடும். டெங்கு சீசனில் மாநகராட்சி ஆட்கள் மாடிக்கு வந்து பார்த்தால் சத்தம் போடுவார்கள், அதுவும் நியாயம்தான். அதற்கு எளிய வழி, 20 லிட்டர் பெயிண்ட் வாளி. வழக்கம்போல் அடியில் ஓட்டை போடாமல், அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில் பக்கவாட்டில் நாலு ஓட்டை போடுங்கள். அதற்குக் கீழே உள்ள மண் எப்போதும் சேறாக இருக்கும், தண்ணீர் வெளியே தெரியாது. அடியிலும் ஓர் ஓட்டை போட்டு அதைத் தக்கையால் அடைத்து வையுங்கள். செடி ஓய்வெடுக்கும் மார்கழியிலும், கட்டையாக நட்டு முளைக்காமல் இருக்கும் காலத்திலும் தக்கையைப் பிடுங்கிவிட்டால் தண்ணீர் நிற்காது.

மண்ணுக்கு நம் பக்கத்தில் கிடைக்கிற ஏரி வண்டலைவிடச் சிறந்தது இல்லை. மாடித்தோட்டத்தில் மற்ற செடிகளுக்கு வண்டல் இறுகிவிடும் என்று தவிர்ப்போம், இதற்கு அந்த ஈரப்பிடிப்புத்தான் வேண்டும். வண்டல் பாதி, மீதியில் செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் சரிபாதி. கழனி மண் எடுக்கிறவர்கள் உரம் அதிகம் போட்ட கழனியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போர் தண்ணீர் கடினமாக இருக்கும் வீடுகளில் தொட்டி விளிம்பில் வெள்ளை படியும், கொஞ்ச நாளில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். முடிந்தால் வாரத்தில் இரண்டு நாளாவது காவிரிக் குழாய்த் தண்ணீர், மழைக்காலத்தில் பிடித்து வைத்த தண்ணீர் என்று மாற்றிக் கொடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு இரட்டிப்பாக இருக்கும். அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

உரத்துக்குக் கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை. மொட்டு வைக்கும் சமயம் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கொஞ்சம். எலும்புத்தூளைத் தாராளமாகப் போடாதீர்கள், மணிச்சத்து கூடினால் இந்தக் குடும்பத்துக்கு ஒத்துக்கொள்ளாது. சாம்பலும் வேண்டாம், நம் தண்ணீரின் காரத்தன்மையே போதும்.

காலை வெயில் முழுதாகவும், பிற்பகலில் நிழலும் கிடைக்கும் இடம் சிறந்தது. சித்திரை, வைகாசியில் 50 சதவீதப் பச்சை வலை கட்டுங்கள். செடி ஒரு முழம் வளர்வதற்குள் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வரும். நுனியை விட்டுவைத்தால் ஒற்றைக் குச்சியாக நின்று காற்றில் சாயும்.

செடி செழித்தும் பூ வராவிட்டால்

நன்றாக முளைத்து ஆளுயரம் வளர்ந்தும் பூக்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். உரத்தில் குறை தேடுவார்கள். குறை பெரும்பாலும் பகலின் நீளத்தில் இருக்கிறது. இது நெடும்பகல் செடி. கோப்பர் கிங் போன்ற புகழ்பெற்ற வகைகளை உருவாக்கிய ஃபிளெமிங் சகோதரர்களின் ஊர் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரம். அங்கே ஜூன் மாதப் பகல் 15 மணி நேரம். வேலூரில் வருடத்தின் மிக நீண்ட பகலான ஜூன் 21 அன்றுகூட 13 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவுதான். 14 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் கிடைத்தால் மொட்டு தாராளமாக வரும்.

செடிக்குப் பத்து இலை வந்த பிறகு, மூன்றடி உயரத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றைத் தொங்க விடுங்கள். மஞ்சள் ஒளி தருவதாக இருக்கட்டும். பொழுது சாய்ந்ததிலிருந்து ராத்திரி பத்து மணி வரை எரிந்தால் போதும். இரண்டு மாதம் தொடர்ந்து செய்ய வேண்டும், நடுவில் விட்டுவிட்டால் பயனில்லை. பிளக்கில் மாட்டும் டைமர் வாங்கிவிட்டால் ஞாபகம் வைத்திருக்கும் வேலை மிச்சம். ஒயரும் பல்பும் மழையில் நனையாத ஏற்பாடு அவசியம். தை விதைப்பு இதற்குத்தான் தோது: நாலைந்து மாதத்தில் செடி பூக்கும் பருவத்துக்கு வரும்போது இயற்கைப் பகலும் நீளமாக இருக்கும், பல்பின் வேலை குறையும்.

பூ ஒன்று ஒரே நாள்தான் நிற்கும். காலையில் விரிந்து மறுநாள் சுருண்டுவிடும், ஆனால் அடுத்தடுத்து வந்துகொண்டிருக்கும்.

பூச்சியைப் பற்றிச் சுருக்கமாக. வெண்டை, பருத்தி, செம்பருத்தி எல்லாம் இதன் உறவுக்காரர்கள் என்பதால் அவற்றைப் பிடிக்கும் மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ இதையும் பிடிக்கும். வெண்டைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் மேலே மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

கார்த்திகைக்குப் பிறகு இலை மஞ்சளாகி உதிரும். இங்கே உறைபனி இல்லாததால் தண்டு முழுதாகக் காயாமல் மொட்டையாக நிற்கவும் கூடும். அப்படி நின்றால் மார்கழியில் ஒரு சாண் விட்டு வெட்டி, தக்கையைப் பிடுங்கி, தண்ணீரைக் குறைத்து ஓய்வு கொடுத்துவிடுங்கள். அதற்கு முன்பே காய் பழுப்பாகி வெடிக்கத் தொடங்கியிருந்தால் விதையை எடுத்து நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் பெயரும் தேதியும் எழுதிப் போட்டு வையுங்கள். லூனா மாதிரிக் கலப்பின வகையின் விதையிலிருந்து தாய்ச்செடியின் நிறமே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அதே நிறம்தான் வேண்டும் என்கிறவர்கள், ஆனி மாத வாக்கில் பூக்காத இளந்தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் நிழலில் ஊன்றினால் நாலைந்து வாரத்தில் வேர்விடும்.